பாகம் இரண்டு எழுதப்போகிறவர்களுக்கு

ஆடுகளத்தையும் காதலையும் ஒன்றாகக் கோத்துத் தொடர்கதை எழுதி, முதல் பாகத்தை முடித்துவிட்டு, இரண்டாம் பாகத்துக்குப் பேனா எடுத்திருக்கும் எழுத்தாளர்களுக்கு,



உங்கள் வாசகர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அவர்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிற்றா? அவன் மாநில அணிக்குத் தேர்வானானா? அவள் வீட்டில் ஒத்துக்கொண்டார்களா? இந்தக் கேள்விகள் தமிழுக்குப் புதியவை அல்ல. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, கதைமாந்தர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டதற்கு முடிவுரையில் பதில் எழுத வேண்டிய நிலை கல்கிக்கே வந்தது. பிற்பாடு விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதி அந்தக் கதையைத் தொடர்ந்தார். மனதுக்குப் பிடித்துப்போன மனிதர்களை விட்டுப் பிரிய மனம் வராத வாசகரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஆசைக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் வேலை.

இந்த வேலையை மிக நன்றாகச் செய்த ஒருவர் ஜப்பானில் இருக்கிறார். மிட்சுரு அடாச்சி. 1951இல் குன்மா மாகாணத்தின் இசெசாக்கியில் பிறந்த மங்கா ஓவியர். பேஸ்பாலையும் பதின்பருவக் காதலையும் பிரிக்க முடியாதபடி பிணைத்தவர். 2008ஆம் ஆண்டிலேயே அவருடைய புத்தகங்கள் அச்சான எண்ணிக்கை 20 கோடியைத் தாண்டிவிட்டது. அவருடைய ‘டச்’ 1981 முதல் 1986 வரை ஷோனென் சண்டே வார இதழில் வந்து, 26 தொகுதிகளில் முடிந்தது. அதன் அடுத்த கதையான ‘மிக்ஸ்’ 2012இல்தான் தொடங்கியது. நடுவில் 26 ஆண்டுகள். அந்த இடைவெளியில் அவர் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் உங்கள் முன் வைப்பதுதான் இந்த மடலின் நோக்கம்.

‘டச்’ கதையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. உவெசுகி வீட்டில் இரட்டைப் பையன்கள், தத்சுயா, கசுயா. பக்கத்து வீட்டில் அதே வயதுப் பெண், அசகுரா மினாமி. மூன்று பேரும் ஒன்றாக வளர்ந்தவர்கள். தம்பி கசுயா படிப்பிலும் பேஸ்பாலிலும் கெட்டி. மெய்செய் பள்ளி அணியின் பிட்சர், அதாவது பந்தெறிபவன். அண்ணன் தத்சுயா சோம்பேறி என்று பெயர் எடுத்தவன். தம்பிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறான் என்பதை வாசகர் மெல்ல மெல்லத்தான் புரிந்துகொள்வார். தன் பள்ளி அணி கோஷியென் மைதானத்துக்குப் போக வேண்டும், தன்னையும் அங்கே அழைத்துப் போக வேண்டும் என்பது மினாமியின் சின்ன வயதுக் கனவு.

கோஷியென் என்னவென்று தெரிந்தால்தான் அந்தக் கனவின் கனம் புரியும். ஹ்யோகோ மாகாணத்தின் நிஷினோமியாவில் 1924இல் கட்டிய மைதானம் அது. அகில ஜப்பான் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டி 1915இல் வேறொரு மைதானத்தில் தொடங்கி, இது கட்டப்பட்ட ஆண்டிலேயே இங்கே இடம் மாறியது. இன்றைக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் மாகாண அளவில் மோதுகின்றன. மாகாணத்துக்கு ஒன்று, டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் இரண்டிரண்டு என்று 49 அணிகள் மட்டுமே கோஷியெனுக்குள் நுழையும். எல்லாமே நாக்-அவுட். ஒரு தோல்வியோடு அந்த ஆண்டு முடிந்துவிடும். தோற்ற அணிப் பையன்கள் மண்டியிட்டு மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுபோவதை ஒவ்வோர் ஆகஸ்டிலும் தொலைக்காட்சியில் பார்க்கலாம்.

ஒரு மாணவனுக்கு உயர்நிலைப் பள்ளியில் கிடைப்பது மூன்றே கோடைகள். மூன்றாம் கோடையில் தோற்ற அன்றோடு அவன் அணியிலிருந்து விலகிவிடுவான். விளையாட்டுக் காதல் கதைக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்காது. சொல்ல வேண்டியதை எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று பாத்திரங்கள் தள்ளிப்போட முடியாது. அடாச்சி அந்த மூன்று கோடைகளையும் அப்படியே கதையின் மூன்று பகுதிகளாக வைத்துக்கொண்டார்.

முதல் கோடையில் கசுயா தன் அணியை மாகாண இறுதிப்போட்டி வரை இழுத்து வருகிறான். இறுதிப்போட்டி நாள் காலையில் மைதானத்துக்குப் புறப்பட்டவன், தெருவில் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் லாரியில் அடிபட்டு இறந்துபோகிறான். ஏழாவது தொகுதியில், அதுவரை கதையின் நாயகன் என்று வாசகர் நம்பியிருந்த பையன் இல்லாமல் போய்விடுகிறான். அவன் இல்லாமலே ஆடி மெய்செய் தோற்கிறது.

இந்த இடத்தை அடாச்சி எப்படி வரைந்தார் என்று கொஞ்சம் நின்று பாருங்கள். விபத்தை அவர் காட்டவே இல்லை. மருத்துவமனையில் தம்பியின் முகத்தைப் பார்த்து நிற்கும் தத்சுயாவிடம் பெரிய வசனம் கிடையாது. எல்லாருக்கும் முன்னால் அழாத மினாமி ரயில் பாலத்துக்கு அடியில் போய் நிற்கிறாள். மேலே ரயில் தடதடத்துப் போகும்போது வாய்விட்டுக் கதறுகிறாள். அழுகைச் சத்தம் யாருக்கும் கேட்பதில்லை. ஒரு வானம், ஒரு தண்டவாளம், ஆளில்லாத மைதானம் என்று வெறும் காட்சிகளாக வரும் கட்டங்கள்தான் அவருடைய கையெழுத்து. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் விடுவார். வாசகரின் நெஞ்சு அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

இரண்டாம் கோடை தோல்வியில் போகிறது. தம்பி விட்டுப்போன இடத்தில் பந்தெறிய வந்த அண்ணனை அணி உடனே ஏற்பதில்லை. கசுயாவின் நண்பனும் அவன் எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சருமான கோதாரோவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. மூன்றாம் கோடையில் மெய்செய் மாகாணத்தை வென்று கோஷியெனுக்குப் போகிறது. 25 தொகுதிகளாகக் காத்திருந்த வாசகருக்கு இனி கோஷியென் ஆட்டங்கள் விருந்தாகக் கிடைக்கும் என்று யாரும் நினைப்பார்கள். அடாச்சி ஓர் ஆட்டத்தைக்கூட வரையவில்லை. தத்சுயா தன் காதலை ஒருவழியாகச் சொல்லிவிடுகிறான். அணி நாட்டையே வென்றது என்ற செய்தியைக் கடைசியில் ஒரு நினைவுத் தட்டு சொல்லிவிடுகிறது. அதோடு சரி.

அப்படி முடித்த கதைக்கு இரண்டாம் பாகம் எப்படி எழுதுவது? இரண்டு வழிகளுமே நடந்து பார்க்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் இந்த உதாரணம் உங்களுக்கு இவ்வளவு பொருந்துகிறது.

முதல் வழியைத் தொலைக்காட்சி எடுத்தது. ‘டச்’ அனிமே 1985 முதல் 1987 வரை ஃபூஜி தொலைக்காட்சியில் 101 பகுதிகளாக வந்து, நாட்டையே வீட்டுக்குள் உட்கார வைத்த தொடர். அந்த வெற்றியை நம்பி 1998இலும் 2001இலும் இரண்டு சிறப்புப் படங்கள் வந்தன. வாசகர் கேட்ட கேள்விகளுக்கு அவை நேராகப் பதில் சொல்லின. முதல் படம் தத்சுயாவையும் மினாமியையும் பள்ளி முடித்த பிறகான வயதில் காட்டியது. இரண்டாவது, தத்சுயாவை அமெரிக்காவின் மைனர் லீக்குக்கு அனுப்பி வைத்தது. நேர்த்தியாக எடுக்கப்பட்ட படங்கள்தான். ஆனால் 26 தொகுதிகளின் பாரத்தைத் தாங்கி கடைசியில் ஒன்றுசேர்ந்த இருவரை மறுபடி பிரித்து, மறுபடி தயங்க வைத்து, மறுபடி சேர வைக்கத்தான் அவற்றால் முடிந்தது. காதலர்களைச் சேர்த்து வைத்த பிறகு அதே காதலர்களை வைத்துக் கதை சொன்னால், சேர்ந்ததைக் கலைத்தாக வேண்டும். கலைத்தால் முதல் பாகத்தின் முடிவு பொய்யாகிறது. கலைக்காவிட்டால் கதை நகராது. அரைத்த மாவையே அரைக்க வேண்டிய நிலைக்கு எழுத்தாளர் தன்னைத் தானே தள்ளிக்கொள்கிறார்.

இரண்டாவது வழி அடாச்சியுடையது. ‘டச்’ முடிந்த பிறகு நீச்சலை வைத்து ‘ரஃப்’, மறுபடி பேஸ்பாலுக்கு வந்து 34 தொகுதிகளில் ‘ஹெச்2’, குத்துச்சண்டையில் ‘கட்சு’, அப்புறம் ‘கிராஸ் கேம்’ என்று எழுதிக்கொண்டே போனார். தத்சுயாவை அவர் தொடவில்லை. 2012இல் கெஸ்ஸான் மாத இதழில் ‘மிக்ஸ்’ தொடங்கியபோது, பழைய கதையிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட முக்கியமான சொத்து ஒரே ஒரு பள்ளிக்கூடம். மெய்செய். உவெசுகி தத்சுயா என்பவன் அணியைக் கோஷியெனுக்கு அழைத்துப்போய்க் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு பள்ளி அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது அங்கே சேர வருகிறவர்களுக்கு அவன் சுவரில் தொங்கும் பழைய பெருமை.

இதில் இருக்கும் நுட்பம் உங்கள் தொழிலுக்கு நேரடியாக உதவும். பள்ளி அணி என்பது ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடம். ஒவ்வொரு வசந்தத்திலும் புதிய பையன்கள் வருவார்கள். ஒவ்வொரு கோடை முடிவிலும் மூத்தவர்கள் போவார்கள். பிட்சருக்குரிய 1ஆம் எண் சட்டை மட்டும் முதுகு மாறி முதுகு போய்க்கொண்டிருக்கும். அந்தச் சட்டைக்குத் தொடர்ச்சி உண்டு, அதைப் போட்டவனுக்கு இல்லை. இரண்டாம் பாகம் பற்றிக்கொள்ள வேண்டிய கொம்பு அதுதான்.

புதிய கதையில் அண்ணன் தம்பி உண்டு. ஆனால் இரட்டையர் இல்லை. தாச்சிபானா தோமா என்ற பையனின் தந்தைக்கு இரண்டாம் திருமணம். வந்த தாய்க்கு ஏற்கெனவே ஒரு மகன், சோஇச்சிரோ. ஒரு மகள், ஒதோமி. தோமாவும் சோஇச்சிரோவும் ஒரே நாளில் பிறந்தவர்கள், ரத்த உறவு கிடையாது. ஒதோமிக்கு சோஇச்சிரோ கூடப்பிறந்த அண்ணன். தோமா ஒரே கூரையின் கீழ் வளர்ந்த அண்ணன். காதலின் சிக்கல் எங்கே இருக்கிறது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நம் குடும்பக் கதை வாசகர்கள் முதல் அத்தியாயத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

தோமா பிட்சர். சோஇச்சிரோ கேட்சர். பேஸ்பாலில் இந்த இரண்டு பேரையும் சேர்த்து பேட்டரி என்பார்கள். கேட்சர் விரலால் சைகை காட்டுவார். பிட்சர் தலையசைத்தாலோ மறுத்தாலோ அது அவர்களுக்குள் நடக்கும் பேச்சு. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இது நடக்கிறது. ‘டச்’சில் இரட்டையர் இருவரும் மெய்செய் சட்டையோடு ஒன்றாகக் களமிறங்கியதே இல்லை. கசுயா உயிரோடு இருந்தவரை தத்சுயா குத்துச்சண்டைக் குழுவில் இருந்தான். அவன் பேஸ்பாலுக்கு வந்தபோது கசுயா இல்லை. வாசகர் 26 தொகுதிகளிலும் காண முடியாமல் ஏங்கிய காட்சி, அண்ணனும் தம்பியும் ஒரே ஆட்டத்தில் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் நம்பிப் பந்தைப் பரிமாறிக்கொள்வது. அதை அடாச்சி வேறு இரண்டு பையன்களிடம் கொடுத்துவிட்டார். பழைய கதையின் காயத்துக்குப் புதிய கதையில் மருந்து. கசுயாவை உயிர்ப்பிக்கவில்லை, தத்சுயாவைத் திரும்ப அழைக்கவில்லை. ஆனாலும் ‘டச்’ படித்தவர்கள் தோமாவின் பந்து சோஇச்சிரோவின் கையுறைக்குள் விழும் ஒவ்வொரு முறையும் கலங்குவார்கள். ‘டச்’ படிக்காதவர்களுக்கு அது நல்ல ஆட்டம். இரண்டு வாசகர்களையும் ஒரே கட்டத்தில் திருப்திப்படுத்தியது பெரிய சாதனை.

அதற்காக ‘மிக்ஸ்’ பழைய முகங்களே இல்லாத கதை என்று நினைத்துவிடாதீர்கள். தத்சுயாவின் போட்டியாளனாக, மினாமியையே சுற்றி வந்த நிஷிமுரா இசாமி இங்கே நடுத்தர வயதில், எதிரணியின் பயிற்சியாளராக, தன்னைப் போலவே வளைவுப் பந்து எறியும் மகனோடு வருகிறார். தத்சுயாவின் நண்பன் ஹராதாவும் எட்டிப் பார்க்கிறான். தாச்சிபானா வீட்டு நாய்க்குப் பெயர் பஞ்ச். உவெசுகி வீட்டு நாயின் அதே பெயர், அதே உருவம். ஓரத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பி வரலாம், வயது ஏறியிருக்கலாம், தொப்பை விழுந்திருக்கலாம். நடுவில் நின்ற இருவருக்கு மட்டும் அனுமதி இல்லை. 2019இல் ‘மிக்ஸ்’ அனிமே ஆனபோது தயாரிப்பாளர்கள் இந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டு ஓர் அழகான காரியம் செய்தார்கள். பழைய தொடரில் மினாமிக்குக் குரல் கொடுத்த நோரிகோ ஹிதகாவைக் கதைசொல்லியாக அமர்த்தினார்கள். மினாமி திரையில் இல்லை; அவள் பள்ளியின் புதிய பிள்ளைகளை அவள் குரல் அறிமுகப்படுத்துகிறது.

உங்கள் முதல் பாகத்தில் ஓரத்தில் நின்றவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ‘டச்’சில் கஷிவாபா எய்ஜிரோ என்று ஒருவர் உண்டு. உடல்நலம் கெட்ட பயிற்சியாளருக்குப் பதிலாக வருகிறவர். கறுப்புக் கண்ணாடி, கொடூரமான பயிற்சி. தன்னை ஒருகாலத்தில் அவமதித்துத் துரத்திய மெய்செய் அணியைப் பழிவாங்கவே வந்திருக்கிறார். அவருடைய பார்வை மங்கிக்கொண்டிருக்கிறது என்பதும், அண்ணன் செய்த தவறு அவர் தலையில் விழுந்த கதையும் போகப்போகத் தெரிகின்றன. அண்ணன் தம்பிக் கதைக்குள்ளேயே, கசந்துபோன இன்னோர் அண்ணன் தம்பி. ஒரு தனித் தொடருக்குத் தேவையான அளவு துயரம் அவரிடம் இருக்கிறது. இப்படி ஒருவர் உங்கள் கதையிலும் கட்டாயம் இருப்பார். வில்லன் என்று முத்திரை குத்தி மூட்டை கட்டிவிட்ட பயிற்சியாளரோ, இறுதிப்போட்டியில் கேட்சை விட்ட பையனோ, காதலில் தோற்று வாழ்த்துச் சொல்லிப் போனவனோ. காதலில் வென்றவர்களைவிட அவர்களுக்குத்தான் இரண்டாம் பாகம் தேவைப்படுகிறது.

‘மிக்ஸ்’ குறையில்லாத படைப்பு என்று இந்த மடல் சொல்ல வரவில்லை. அடாச்சியின் முகங்கள் எல்லாம் ஒரே அச்சு. தோமாவையும் தத்சுயாவையும் பக்கத்தில் வைத்தால் அடையாளம் காண்பது கஷ்டம். வார இதழில் ஓடிய கதையின் வேகம் மாத இதழில் இல்லை. தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஆகி, இருபது தொகுதிகளைத் தாண்டியும் பையன்களுக்கு இன்னும் பள்ளி முடியவில்லை. முதல் தொகுதிகளில் நல்ல காட்சிகள் உண்டு. நடுநிலைப் பள்ளியில் தோமாதான் நல்ல பிட்சர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் நிகைதோ என்ற மூத்த மாணவனின் அப்பாவுக்கு அணியில் செல்வாக்கு. எனவே நிகைதோ மேட்டில் நின்று பந்தெறிய, தோமா மூன்றாம் பேஸில் நின்று வேடிக்கை பார்க்கிறான். அந்த அநியாயத்தின் சூடு பின்னால் வரும் நீண்ட ஆட்டங்களில் குறைந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அது பெண்களைப் பற்றியது.

மினாமியின் கனவு யாரோ தன்னை அழைத்துப் போக வேண்டும் என்பது. அணியில் அவளுடைய இடம் மேனேஜர்: துணி துவைப்பது, ஸ்கோர் எழுதுவது, தண்ணீர் கொடுப்பது. 1981இல் அது நடைமுறை. அந்தக் காலத்தில் மாணவி மேனேஜர் கோஷியெனில் அணியோடு பெஞ்சில்கூட உட்கார முடியாது. 1996 கோடைப் போட்டியில்தான் அந்தத் தடை நீங்கியது. அடாச்சி இந்த நெருடலை உணராதவர் அல்ல. மினாமியைத் தாளலய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையாக்கி அவளுக்கென்று ஒரு மேடை கொடுத்தார். கஷிவாபா அவளை மேனேஜர் வேலையிலிருந்து விலக்கும் இடம் கதையில் கொடுமையாகத்தான் வருகிறது. ஆனால் அதற்குப் பிறகுதான் அவள் தனக்காக முழு மூச்சாக ஆடுகிறாள். ‘கிராஸ் கேம்’ வந்தபோது அவர் இன்னும் ஒரு படி போனார். அதன் நாயகி அவோபா கதையிலேயே அழகாகப் பந்தெறிபவள். நாயகன் கோ அவளைப் பார்த்துத்தான் தன் எறியைச் செதுக்கிக்கொள்கிறான். ஆனால் அதிகாரப்பூர்வமான உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் பெண்கள் ஆட முடியாது. எல்லாம் தெரிந்தும் களத்துக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கிற அவளுடைய கோபத்தில் அந்தத் தொடர் முழுவதும் உயிர் பெறுகிறது. 2009இல் ஷோகாகுகன் விருது பெற்ற அந்தத் தொடரை அவருடைய மிகச் சிறந்த படைப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. அதற்கு அவோபா முக்கியக் காரணம்.

அவோபாவை வரைந்த கை, ‘மிக்ஸ்’சில் ஒதோமியை மறுபடி பையன்களின் நடுவே ஒரு வெளிச்சமாக மட்டும் நிறுத்தியது ஏமாற்றம். பள்ளியைத் தொடர்ந்தவர், காயத்தைத் தொடர்ந்தவர், பழைய காலத்தின் பெண் பாத்திரத்தையும் அப்படியே தொடர்ந்துவிட்டார். வெளியே உலகம் நகர்ந்துகொண்டிருந்தது. 2016இல் கோஷியெனில் பயிற்சிக்கு உதவ மைதானத்துக்குள் இறங்கிய ஒரு மாணவி மேனேஜரை அதிகாரிகள் வெளியேற்றினார்கள்; நாடு முழுக்க எழுந்த விமர்சனத்துக்குப் பின், அடுத்த ஆண்டு பயிற்சி நேரத்தில் மாணவிகள் களமிறங்க வழி பிறந்தது. 2021 ஆகஸ்டில் மாணவியருக்கான தேசிய உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் இறுதிப்போட்டி முதன்முறையாகக் கோஷியெனிலேயே நடந்தது. கோபே கோர்யோ அணி கோச்சி சூவோ அணியை 4-0 என்று வென்றது. ஜப்பான் பெண்கள் அணி 2008 முதல் 2024 வரை நடந்த ஏழு உலகக் கோப்பைகளையும் தொடர்ந்து வென்றிருக்கிறது. யாரோ அழைத்துப் போகக் காத்திருந்த பெண் தானே நடந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டாம் பாகம் எழுத இதைவிடப் பொருத்தமான தொடர்ச்சி ஏது? பள்ளியின் சட்டை அடுத்த தலைமுறைக்குப் போகும்போது, அது ஒரு பெண்ணின் முதுகிலும் ஏறலாம் என்று எழுதியிருந்தால் ‘மிக்ஸ்’ தன் மூலக்கதையையே தாண்டியிருக்கும்.

நம் பக்கமும் ஆட்டத்தையும் காதலையும் சேர்த்துச் சொன்ன கதைகள் உண்டு. 2009இல் வந்த சுசீந்திரனின் ‘வெண்ணிலா கபடிகுழு’ கபடிக்கு நடுவே ஒரு காதலை வைத்து, கடைசியில் நாயகனையே சாகடித்த துணிச்சலான படம். 2019இல் அதே பெயரில் வந்த இரண்டாம் படம் முதல் படம் விட்டுப்போன துயரத்தைச் சுமந்து நடக்கவில்லை என்பதுதான் அதன் பலவீனம். 2024இல் தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’ வந்தது. ஊர் மைதானத்தில் ஆடும் அன்புக்கும் கெத்துக்கும் நடுவே மூளும் வீம்பு. அந்தக் கெத்தின் மகள் துர்காவையே அன்பு காதலிக்கிறான். அதில் கெத்தின் மனைவி யசோதையின் கோபமும், ஆண்களோடு சேர்ந்து கிரிக்கெட் ஆடும் அகிலாவும் ஓரத்தில் இருந்தாலும் மனதில் நிற்கிறார்கள். அந்த மாதிரிக் கதைக்கு யாராவது அடுத்த பாகம் யோசித்தால், அன்புக்கும் துர்காவுக்கும் இன்னொரு சண்டையை மூட்டுவதைவிட அகிலாவின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டலாம். அவள் எந்த அணிக்கு ஆடப் போகிறாள், எந்த மைதானம் அவளுக்கு நேரம் ஒதுக்கும், மாலையில் வீடு திரும்பும்போது யார் என்ன கேட்பார்கள், அவளுக்கு ஒருவனைப் பிடித்துப்போனால் ஆட்டம் என்னாகும் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது.

பதிப்பாளர்கள் பழைய ஜோடியைத்தான் அட்டையில் கேட்பார்கள் என்பது தெரிந்ததே. அந்த நெருக்கடியைச் சமாளிக்க ஒரு வழி அடாச்சியின் வேலையிலேயே இருக்கிறது. பழைய பெயர்களை ஒரே அடியாக மறைக்காதீர்கள். பள்ளிச் சுவரில், பயிற்சியாளரின் பேச்சில், டீக்கடைக்காரர் நினைவில் அவர்கள் இருக்கட்டும். புதிய பிள்ளைகள் அவர்களைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கட்டும், தப்புத்தப்பாகவும் சொல்லிக்கொள்ளட்டும். உண்மை தெரிந்த வாசகருக்கு அதுவே பெரிய இன்பம். அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். வரட்டும். அதே நேரத்தில் புதிய பையனுக்கும் புதிய பெண்ணுக்கும் அவர்களுக்கென்று ஒரு தோல்வியைக் கொடுங்கள். பழைய கதையின் தோல்வியைக் கடன் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோள், ஆட்டத்தைப் பற்றி. காதல் பகுதியை உயிரோடு எழுதிவிட்டு, ஆட்டம் வரும்போது ஸ்கோரை மட்டும் சொல்லித் தாண்டிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பேட்டரியின் சைகைப் பேச்சை அடாச்சி உறவின் பேச்சாக மாற்றியதுபோல, கபடியில் பாடிப் போகிறவனுக்கும் மூலையில் நிற்கும் பிடிகாரருக்கும் நடுவே என்ன நடக்கிறது, கூடைப்பந்தில் பந்தைக் கொடுக்காமல் தானே எறிந்துவிடுகிற பெண்ணை அவள் தோழி எப்படிப் பார்க்கிறாள் என்பதையெல்லாம் மைதானத்தில் போய் உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள். முதல் பாகத்தை வாசகர் காதலுக்காக வாங்கியிருக்கலாம். ஆட்டத்தின் விதிகளைத் தெரிந்துகொண்ட வாசகர் இரண்டாம் பாகத்துக்குத் தயாராக இருக்கிறார். அவரிடம் இப்போது நுணுக்கமாகப் பேச முடியும்.

அடுத்த பாகங்களின் முதல் அத்தியாயங்களை ஆவலோடு எதிர்பார்க்கும்,

உங்கள் வாசகர்.